முகமூடிக்குள் பூண்டு வாசம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

முட்டி வலி குறைந்ததா? அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டாயே. மாட்டுத் தீவனக் கிடங்கில் பூச்சி சாக மருந்து வில்லை வைத்து இறுக்கி மூடுவார்கள். அதிலிருந்து வரும், பூண்டு வாசமடிக்கும் நச்சுவாயு தீவனத்தில் மிச்சம் இருக்கிறதா என்று நான் மாதிரி எடுத்துச் சோதிக்கிறேன். உள்ளே ஒரு எறும்புகூட அசையாது. முகமூடிக்குள் பூண்டு வாசம் வந்தால் அதன் வடிகட்டி வேலை செய்யவில்லை, உடனே வெளியே ஓட வேண்டும் என்பதுதான் முதல் பாடம்.

செவ்வாய்க்கிழமை மதியம் எனக்கு அந்த வாசம் வந்தது. நான் ஓடவில்லை. நீ பூண்டு வதக்குகிறாய் என்று நினைத்து நின்றுவிட்டேன். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து, "தட்டு வச்சாச்சு, வா" என்று உன் குரல்.

கிடங்குக் காவல்கார அண்ணன்தான் முகமூடி மாட்டிக்கொண்டு வந்து என்னை வெளியே இழுத்துப்போட்டார். "யாரும்மா உள்ளே? 'இதோ வர்றேன்'னு யார்கிட்ட சொன்னே?" என்றார்.

பயப்படாதே. இரண்டு வாந்தியோடு போயிற்று. டாக்டரும் பார்த்துவிட்டார்.

அடுத்த பார்சலில் உன் தலையணை உறை ஒன்றைத் துவைக்காமல் வை. பூண்டு மட்டும் போடாதே.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது, டிரைவர் ஹாரன் அடிக்கிறான். ஒன்றே ஒன்று கேட்டு முடிக்கிறேன். அன்று மதியம் பழக்கதோஷத்தில் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாயா? கூப்பிட்டிருந்தால் இனிமேல் வேண்டாம் அம்மா. கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

உன் சின்னவள்