குழாயடியில் ஆமோஸ் தீர்க்கதரிசி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், நம்பாமல் வேறு என்ன செய்வது. தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து துரையின் நடையே மாறிவிட்டது. எனக்கும் வேலைக்குக் குறைவில்லை, வெயில் ஏறினால் ஊரிலுள்ள பழைய பிரிட்ஜ் எல்லாம் பேசிவைத்தாற்போல் ஒரே நாளில் மூச்சை விடுகின்றன.

இறையியல் கல்லூரியில் வேதாகமத் தீர்க்கதரிசிகளைப் பற்றி நீ எழுதி எனக்கு அனுப்பிய குறிப்புகளை வைத்துத்தான் சபையில் புதன்கிழமை வேதபாடம் நடத்துகிறேன். தீர்க்கதரிசி என்றால் நாளை நடப்பதைச் சொல்கிறவர் என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர்கள் தங்கள் காலத்துச் சந்தையையும் நியாயஸ்தலத்தையும் உற்றுப் பார்த்தவர்கள் என்று உன் எழுத்தைப் படித்துத்தான் தெரிந்தது. அதிலும் ஆமோஸ் மந்தை மேய்த்தவர், என்னைப்போல் கையில் அழுக்குப்பட வேலை செய்த ஆள் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில்தான் மாட்டிக்கொண்டேன். ஏழையை மிதித்துக்கொண்டு பாடும் பாட்டு கடவுளுக்கு வேண்டாம் என்று அவர் சொல்லும் இடத்தில், ஓரத்தில் நீ பென்சிலால் பொடியாக ஏதோ எழுதியிருந்தாய். பொடி எழுத்தை விடாமல் படிக்கவேண்டும் என்பது என் தொழிலில் முதல் பாடம், விட்டால் கம்பிரஸர் புகைந்துபோகும். அந்தப் பழக்கத்தில் அதையும் கணீரென்று வாசித்துவிட்டேன். நம் சபையில் பாட்டு அருமை, ஆனால் விருந்தன்று பாத்திரம் கழுவுகிறவர்கள் மட்டும் ஏன் கடைசியில் குழாயடியில் நின்றுகொண்டு சாப்பிடுகிறார்கள், செயலாளர் அங்கிள் கண்ணை மூடிப் பாடுவது பக்தியிலா, அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கவா என்று நீ கேட்டிருந்தாய். சபைச் செயலாளர் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாத்திரம் கழுவும் அக்கா மட்டும் பின்னாலிருந்து வாய்விட்டுச் சிரித்தார்.

படிப்பு முடிந்ததும் உன்னை இங்கேயே உதவிப் போதகராக வைப்பதா என்று அடுத்த மாதம் கமிட்டி முடிவு செய்கிறதே, அது என்னால் கெட்டுப்போகுமோ என்று பயந்தேன். மறுநாளே செயலாளர் ஒரு தாளை டைப் அடித்துக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தார். “பரீட்சைக்காகப் பொதுவா எழுதினது, நம்ம சபையச் சொல்லலன்னு பாப்பா ஒரு கையெழுத்து போட்டா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்” என்றார். கெட்ட மனிதர் இல்லை, நீ வரவேண்டும் என்று அவருக்கும் ஆசைதான். நான் சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். நாலு வருஷம் கழித்து மகள் வீட்டுக்கு வருவாள் என்றால் எந்த அப்பன் வாங்கமாட்டான். அம்மா அன்றே உன் அறைக்கு வெள்ளையடிக்கவேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள்.

போன ஞாயிறு விருந்தில் என்னமோ தோன்றி என் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். நின்றுகொண்டு சாப்பிட்டுப் பார் குட்டிம்மா, ஒரு கையில் தட்டு, காலடியில் சோப்புத் தண்ணீர், சாப்பாடும் ஆறிக் கிடக்கிறது. அந்த அக்கா என்னிடம், “பாப்பா எழுதினத நீங்க படிச்சப்பதான் ஐயா, நாங்க இங்க நிக்கிறது ஒரு ஆள் கண்ணுக்காவது தெரிஞ்சிருக்குன்னு தெரிஞ்சுது” என்றார். இருபது வருஷமாக அந்தக் குழாயை ரிப்பேர் செய்கிறவன் நான்தான்.

ஆகவே அந்தத் தாளை இந்தக் கடிதத்தோடு வைக்கவில்லை. அம்மாவிடம் சொன்னேன், கொஞ்சம் அழுதாள், பிறகு “அவ எழுதினது நெசந்தானே” என்று எழுந்துபோய்விட்டாள். ஆண்டவர் உன் வாய்க்கும் கைக்கும் துணையிருப்பாராக. மறக்காமல் ஒன்று செய், செயலாளர் போன் பண்ணினால் கையெழுத்துப் போடவேண்டாம் என்று அப்பாதான் சொன்னார் என்று தாராளமாகச் சொல். எங்கே உனக்கு ஊழியம் கிடைத்தாலும் நாங்கள் வண்டியேறி வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்போம்.

முத்தங்களுடன்,
உன் அப்பா