மீதிப் பற்களைக் கழற்றக் கொடுக்காதே

நிந்தவூர்
14.3.1983

அன்பு மகன் மசூருக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும்.

இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிவிட்டு நாலு மாதமாக எங்களுக்கு ஒரு வரியும் எழுதாமல் மறைத்தாய், இது பெற்றவர்களுக்கு நீ செய்த அநியாயம். நாங்கள் இங்கே சுகம், நீயும் சுகமாயிருக்க அல்லாஹ்வைக் கேட்கிறோம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை போகவில்லை. கொழும்பில் உன்னோடு வேலை செய்து இப்போது லீவில் வந்திருக்கிற சாய்ந்தமருது ஷரிபுதீன் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசலில் என்னைப் பிடித்து, "மசூர்ட கடவாப் பல்லு ரெண்டும் போயிட்டு மாமா, முன்வரிசையும் ஆடுதாம், மாசக் கடைசில எல்லாத்தையும் கழட்டிட்டு செட்டுப் பல்லு கட்டப் போறாராம்" என்றான். உனக்கு இருபத்தேழு வயது மகன். நான் செருப்பை விட்டுவிட்டு வெறுங்காலோடு வீட்டுக்கு வந்தேன்.

துலக்கினால் பல்லைச் சுற்றின முரசில் இரத்தம் வருகிறதாம், அறையில் கூட இருப்பவர் இரத்தம் வந்தால் தொழுகைக்குக் கழுவிச் செய்த வுழூ முறியும் என்றாராம், நீ அதைக் கேட்டு ஒன்றரை வருடமாகப் பிரஷையே தொடவில்லையாம். அவர் பின்பற்றுகிற சட்ட வழியில், அவருடைய மத்ஹபில், அது சரியாக இருக்கலாம். நாம் ஷாபிஈ மத்ஹப். அன்றைக்கே மௌலவியிடம் போய்க் கேட்டேன், நமக்கு அதனால் வுழூ முறியாது, வாயை நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் தொழலாம் என்றார். ஒரு கடிதம் போட்டு என்னிடம் கேட்டிருந்தால் இரண்டு பல்லும் உன் வாயில் இருந்திருக்கும். மறுநாள் பஸ் ஏறிக் கல்முனைக்குப் போய்ப் பல் டொக்டரையும் கண்டேன். "பாக்காமச் சொல்ல ஏலாது பெரியவர், ஆனா துலக்காம விட்டதாலதான் முரசு பழுதாகி இரத்தம் வருது, பல்லுல படிஞ்ச காரையச் சுரண்டித் துப்புரவாக்கினா ஆடுற பல்லும் சிலது நிக்கும், அவசரப்பட்டுக் கழட்ட வாணாம்" என்றார்.

உம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பழியை என் தலையில் போடுகிறாள். "சின்னதுல செங்கல் தூளப் போட்டு இரத்தம் வாறமட்டும் தேய்க்க வெச்சது ஆரு, பல்லு வெள்ளையாகுமெண்டு. இப்ப வெள்ளையாயிட்டா?" என்று கேட்கிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் வாப்பாவும் அப்படித்தான் தேய்த்தார். அவருக்கும் எனக்கும் நாற்பத்தைந்து வயதில் மேல்வரிசை போனது வேறு விசயம். ஆனால் அந்த வாய் எப்படியென்று எனக்குத் தெரியும். சூரை மீனை உம்மா விரலால் நசித்துத் தந்தால்தான் உள்ளே போகும், யாஸீன் ஓதினால் காற்றுத்தான் வருகிறது, பேரப்பிள்ளை சிரிக்கிறாள். அது உனக்கு வேண்டாம், உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று எழுதவும் எனக்கு வெட்கமில்லை. வேளாண்மை வெட்டு முடிந்தது, உன் ராத்தா சுஹறாவும் பிள்ளையும் சுகம், மற்றதெல்லாம் பிறகு.

தபாலில் போட்டால் பிந்திவிடும், அதனால் நாளைக் காலை கொழும்பு பஸ்ஸில் போகிற பக்கத்து வீட்டு மீராசாவிடம் கொடுக்கிறேன். அவன் இறங்கிய அன்றே இதை உன் கையில் தர வேண்டும், நீ வாசித்து முடிக்கும்வரை அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். பல்லைக் கழற்றக் கொடுத்த அந்தத் தேதியை நீ நிறுத்த வேண்டும். லீவு முடிந்து வருகிற ஷரிபுதீன் உன்னை வேறொரு பல் டொக்டரிடம் கூட்டிப்போய்க் காரையை எடுப்பிக்க வேண்டும். காலையிலும் படுக்கப் போகும்போதும் மெல்லிய பிரஷால் முரசோரம் மெதுவாக, அழுத்தாமல் துலக்கு, இரத்தம் வந்தாலும் விடாதே, பல்லிடுக்கில் நூல் விட்டு எடு, இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் கொப்பளி. உம்மா இனிச் சாப்பிட வேண்டும், அதற்கு நீ ஒரு வரி எழுத வேண்டும். செங்கல் தூள் தகரத்தை நேற்று நான் கிணற்றடியில் புதைத்துவிட்டேன், அதை நீ அவளுக்கு எழுதக்கூடாது. கேட்டால் தொலைந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன்.

அல்லாஹ் உன் வாயையும் உன்னையும் காப்பானாக.

உன் வாப்பா
முகைதீன்பாவா