மணிப்பூ அட்டை

முதலியார்பேட்டை,
ஞாயிறு காலை

அன்பு மகள் சுடர்விழிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீ அங்கே நல்லபடியாக இல்லை என்று தெரியும், அதனால் நலமா என்று கேட்கவில்லை. நீ இலைகளின் மரபணுவை ஆராய்ந்ததில் மணிப்பூச் செடி லொபீலியாக் கூட்டத்திலும், லொபீலியா மணிப்பூக் கூட்டத்திலும் போய் விழுந்ததாமே, ஒரு வருட உழைப்பு வீண் என்று உன் பேராசிரியர் கோபித்துக்கொண்டாராமே. "எனக்கு இந்தப் படிப்புக்குத் தகுதி இல்லம்மா, வந்துடுறேன்"னு அழுதாயாம். அம்மா சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் உலர்செடிக் காப்பகத்துக்கு வேலைக்குப் போனதும், எந்த அட்டைகளிலிருந்து இலை கிள்ளி உனக்கு அனுப்பினோமோ அந்த இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். நான் வேலை பார்த்த மில் மூடிய பிறகு காய்ந்த செடியைப் பதினெட்டு வருடமாக அட்டையில் ஒட்டுகிறேன், எனக்கே தெரியும், மணிப்பூவுக்கு ஐந்து இதழும் சமம், லொபீலியா மேலே இரண்டும் கீழே மூன்றுமாகப் பிளந்திருக்கும். ஜவ்வாது மலை மணிப்பூ என்று பெயர்ச்சீட்டு இருந்த அட்டையில் பிளந்த பூ, பாகூர் ஏரி லொபீலியா என்றதில் மணிப்பூ. நீ விமானம் ஏறிய வாரம் அடைமழை, நீ பறித்து வந்த செடிகளைச் சுற்றிய பேப்பரெல்லாம் நமுத்துப்போச்சே என்று வீட்டு ஃபேனுக்கடியில் பரப்பிப் பேப்பர் மாற்றினேன், செடிகளோடு நீ வைத்திருந்த நம்பர் துண்டுகளை மாற்றி வைத்தது அப்போதுதான். ஒட்டும்போதும் சீட்டைப் பார்த்தேனே தவிர பூவைப் பார்க்கவில்லை. உதவி செய்கிறேன் பேர்வழி என்று உன் தலையில் மண்ணை வாரிப் போட்டவன் நான்தான் கண்ணு. உன் ஆய்வு தப்பே இல்லை, என் தப்பைத்தான் அது பிடித்திருக்கிறது.

எங்கள் காப்பக அதிகாரி தாமரைச்செல்வி மேடத்திடம் ஒப்புக்கொண்டேன், அவர் திட்டவில்லை, அன்றே உன் பேராசிரியருக்கு எழுதிவிட்டார். இங்கே பழைய அட்டை ஒன்றில் லொபீலியா தனிக் குடும்பம் என்று ஒரு பெரிய விஞ்ஞானி சீட்டு வைத்தார், இல்லை மணிப்பூக் குடும்பத்தில்தான் சேரும் என்று இன்னொருவர் வைத்தார், பழைய சீட்டை யாரும் கிழிப்பதில்லை, கீழே புதுச்சீட்டு ஒட்டிப் பெயரும் தேதியும் போடுவதுதான் எங்கள் வழக்கம். தப்பு செய்தவனே வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், நீ எதற்கு ஓடி வரவேண்டும்? குளிரில் காதை மூடிக்கொள், வேளைக்குச் சாப்பிடு, புதன்கிழமை அம்மாவுக்குப் போன் செய். நீ எடுத்த காரியம் ஜெயிக்கட்டும், மகராசியாக இரு.

இத்தனை வருடமும் மற்றவர்கள் பெயரைத்தான் ஒட்டினேன். நேற்று இரண்டு அட்டையிலும் "நம்பர் மாறியது என்னால்" என்று எழுதி, முதல் தடவையாக என் பெயரை ஒட்டினேன். யார் கேட்டாலும் அதைக் காட்டு.

உன் அப்பா,
தட்சிணாமூர்த்தி
(சீட்டிலும் இதே கையெழுத்துதான்.)