வலது பக்கத்துக்கு அரைப் பேர்

ஏப்ரல் 3, 2025

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை ஊக்கை இடது தோளிலிருந்து வலது தோளுக்கு மாற்றினேன்.

இது எளிதில் எடுத்த முடிவல்ல. எந்தப் பக்கம் பால் கொடுத்தோம் என்பது மறக்காமலிருக்கச் சட்டையில் ஊக்குக் குத்திக்கொள்வார்கள். கடைசியாகக் கொடுத்த பக்கத்தில் அது இருக்கும். நான் அதை அடுத்துக் கொடுக்கவேண்டிய பக்கத்தில் குத்தியிருக்கிறேன். இதுவரை கடந்த காலத்தைப் பதிவு செய்த ஊக்கு இனி எதிர்காலத்தைச் சுட்டும். நிரஞ்சனிடம் அறிவித்தேன். "சரி" என்றார். வரலாற்றுத் தருணங்களில் கணவன்மார் இப்படித்தான்.

ஊக்கு எங்கிருந்தாலும் வலது பக்கம் பால் குறைவு. காரணம் எனக்குத் தெரியும். கொழும்பில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டு முலைக்காம்பிலும் கம்பி குத்திக்கொண்டேன். காதல் தோல்வி இல்லை, கெட்ட சகவாசம் இல்லை, யாரும் வற்புறுத்தவும் இல்லை. ஒரு சனிக்கிழமை, நேரம் இருந்தது. இடது சத்தமில்லாமல் ஆறியது. வலது சீழ்கட்டி, மாதக்கணக்கில் ஒத்துழையாமை நடத்தி, கடைசியில் ஒரு தழும்போடு சமாதானத்துக்கு வந்தது. கர்ப்பமானதும் இரண்டையும் கழற்றிவிட்டேன். நன்றாகத்தான் இருந்தன. வருத்தமில்லை.

ஐந்து வாரக் குழந்தைக்கு இந்த விளக்கம் போதவில்லை.

ஏப்ரல் 4

இடது: காம்பிலிருந்து ஒரு தாரை, பழைய துளைகள் வழியாகப் பக்கத்துக்கு ஒன்று. ஒன்று மகள் தனுஷிகாவின் வாய்க்கு, ஒன்று அவள் காதுக்கு, ஒன்று சுவர்க் காலண்டருக்கு.

வலது: யோசிக்கிறது.

ஏப்ரல் 7

ராசம்மா அண்ணி வந்தார். நிரஞ்சனின் மூத்த அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவர், பக்கத்து வீடு. இன்னும் தேயிலை மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறார். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துவிட்டு நேரே இங்கே வந்து, நான் பால் கொடுப்பதைத் தராசு முள்ளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எடது முழுப் பேரு. வலது அரைப் பேரு" என்றார்.

சொன்ன கிலோ சேராதவர்களுக்குத் தோட்டத்தில் அரை நாள் சம்பளம்தான் விழும். அதுதான் அரைப் பேர். தமிழ் ஆசிரியையாக இத்தனை வருடம் இருந்ததில் என் சம்பளத்தில் கைவைக்காதவர்கள் உண்டு என்று சொல்ல முடியாது. ஆனால் என் உடம்பின் ஒரு பாகத்துக்குத் தனியாக வெட்டு விழுவது இதுதான் முதல் முறை.

"கவ்வாத்து வெட்டுன மலை மாதிரியில்ல இருக்கு. ஒரு கொழுந்தக் காணோம்."

"கவ்வாத்து வெட்டினா செடி திரும்பத் துளிர்க்கும்தானே அண்ணி?"

"துளிர்க்கும். அது வரைக்கும் புள்ள என்னத்தத் திங்கும்?"

உவமையை ரசித்தேன். பிறகு அறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதேன்.

ஏப்ரல் 8

மீன்கார இப்றாஹிம் நானா மோட்டார் சைக்கிளில் வந்தார். அண்ணி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நானா, பால்சுறா இருக்கா? தம்பி பொண்டாட்டிக்கு வலது பக்கம் சொரக்க மாட்டேங்குது!"

நானா கண்ணியமானவர். வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "எடது பக்கம்?"

"அது ஓடுது."

"அப்ப அரைக் கிலோ போதும்."

ஏப்ரல் 10

கிளினிக். தோட்டத்து டிஸ்பென்சரியின் முன்னறையில் றிப்கா மிஸ் குழந்தைகளை நிறுத்தார். மிட்வைஃப் வேலைக்கு வந்து பல வருடமாகிறது. யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. தனுஷிகாவைத் தராசில் போட்டார். இறக்கினார். மறுபடி போட்டார். இரண்டாம் முறையும் தராசு அதையேதான் சொன்னது.

"ஏறவே இல்லையே டீச்சர். மார்புல ஏதாச்சும் ஆபரேஷன், காயம், கட்டி, அப்படி எதும் நடந்திச்சா?"

அண்ணி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் வரிசை நின்றது.

"ஒண்ணுமில்ல மிஸ்."

"அடுத்த கிளினிக்குக்குள்ள ஏறணும். இல்லாட்டி டொக்டர்ட்ட காட்டிட்டு பால்மா தொடங்க வேண்டி வரும்."

ஏன் சொல்லவில்லை? வெட்கம் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். உண்மையில் சொல் கிடைக்கவில்லை. காதணி இருக்கிறது, மூக்குத்தி இருக்கிறது, காலுக்கு, இடுப்புக்கு, நெற்றிக்கு என்று நம் மொழி எந்த உறுப்பையும் சும்மா விடவில்லை. இந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. 'முலைவளையம்' என்று சொல்லிப் பார்த்தேன். ஏதோ பழைய உரையில் அடிக்குறிப்பு மாதிரி இருந்தது.

ஏப்ரல் 11

பால்சுறாவுக்கு வலது பக்கம் பதில் அனுப்பவில்லை. இடது பக்கம் மேலும் உற்சாகமடைந்திருக்கிறது.

ஏப்ரல் 14

புத்தாண்டு. கை விசேஷக் காசு வாங்க வந்தவங்க எல்லாம் குழந்தையோட கையத் தொட்டுப் பாத்துட்டு என் நெஞ்சப் பாத்தாங்க.

மத்தியானத்திலிருந்து அழுறா. இடது பக்கம் கொடுத்தா மூச்சு முட்டி இருமுறா, பால் எல்லாம் கழுத்து வழியா ஓடுது. வலது பக்கம் கொடுத்தா உறிஞ்சி உறிஞ்சிப் பாத்துட்டு என்னை ஒரு பார்வை பாக்குறா. கடையில ஏமாந்தவங்க பாக்குற பார்வை.

நாந்தானே காரணம்? ஒரு சனிக்கிழமை நேரம் இருந்துச்சுன்னு — அதுக்கு இவ பட்டினி கிடக்கணுமா?

நிரஞ்சன் ஃபெக்டரியில் எலக்ட்ரீஷியன். விஷயம் தெரிந்த ஒரே ஆள். பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தார். "ஒரு ஃபேஸ் போனாலும் மத்தத வச்சி வீட்டுக்கு லைட் எரிய வைக்கலாம். ஆனா ஃபோல்ட் எங்கன்னு வந்து பாக்குறவன்கிட்ட மறைக்கக்கூடாது."

இந்த வீட்டில் உவமை சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஏப்ரல் 16

சொல்லிவிட்டேன்.

டிஸ்பென்சரியில் இன்று கூட்டமில்லை. அண்ணியைக் குழந்தையோடு வெளிவராந்தாவில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"மிஸ், கல்யாணத்துக்கு முன்ன ரெண்டு பக்கமும் கம்பி குத்தியிருந்தேன். வலது பக்கம் சீழ் வச்சி ஆறினது."

றிப்கா மிஸ் பேனாவைக்கூடக் கீழே வைக்கவில்லை. "அப்படிச் சொல்லுங்க! அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே வழி சொல்லியிருப்பேனே. தழும்புல பால் வழி கொஞ்சம் அடைபட்டிருக்கும். ஒரு பக்கம் நல்லா இருந்தாலே பெரும்பாலும் புள்ளைக்குப் போதும். நீங்க ஒவ்வொரு தடவையும் வலதுல தொடங்குங்க, பிறகு எடது. அடிக்கடி குடுங்க, நடுவுல கையால பிழிஞ்சி விடுங்க. எடதுல பக்கத்து ஓட்டைய விரலால லேசாப் பொத்திக்கங்க. கொஞ்சம் சாய்ஞ்சி படுத்துக் குடுத்தா பாய்ச்சல் கொறையும், இரும மாட்டா."

இவ்வளவுதான். இதற்கு நான் ஒரு வாரம் மொழியியல் ஆராய்ச்சி செய்திருக்கிறேன்.

"வலிக்கலையா டீச்சர்? என்னத்துக்குக் குத்தினீங்க?"

"அழகு — அழகுக்குக் குத்தினது மிஸ்."

திரும்பினேன். கதவில் அண்ணி, தோளில் குழந்தையோடு. பசிக்கு அழுதாளாம், கொண்டுவந்தாராம்.

வீட்டுக்கு வரும் வழியில் அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். கோயில் வளைவில் நின்றார். கண் கலங்கியிருந்தது.

"எந்த அம்மனுக்கு?"

"என்ன அண்ணி?"

"நெஞ்சுல அலகு குத்தியிருக்க. கன்னத்துல குத்துவாங்க, நாக்குல குத்துவாங்க, ஆம்பளைங்க முதுகுல குத்துவாங்க. நெஞ்சுல குத்திக் கேள்விப்பட்டதே இல்ல. எங்க தம்பிக்காகவா? புள்ளைக்காகவா?"

பதற்றத்தில் என் ழகரம் நழுவியிருக்க வேண்டும். இதே தவறுக்குப் பத்தாம் வகுப்பில் நான் மதிப்பெண் வெட்டுகிறேன்.

"அப்படியில்ல அண்ணி, நான் —"

"சொல்லாத. வேண்டுதல வெளிய சொல்லக்கூடாது. எனக்குத் தெரியாதா?" என்று என் வாயைக் கையால் பொத்தினார். கையில் கொழுந்து வாசம்.

ஏப்ரல் 18

வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது என்ற விதி வேண்டிக்கொண்டவருக்கு மட்டும்தான் போலிருக்கிறது. லயத்து வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும்.

யாரும் இப்போது என் நெஞ்சைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறார்கள். மூன்றாம் வீட்டு வினோதா, ஆறு மாத வயிற்றோடு வந்து, தலையில் கைவைக்கச் சொன்னாள். வைத்தேன்.

"டீச்சர், நானும் அதே மாதிரி வேண்டிக்கவா?"

"வேண்டாம்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு உறுதியாக நான் எந்த அறிவுரையும் சொன்னதில்லை.

ஏப்ரல் 20

வலதில் தொடங்குகிறேன். முதலில் அதே ஏமாந்த பார்வை. பிறகு வேறு வழியில்லாமல் உழைக்கிறாள். இன்று விழுங்கும் சத்தம் கேட்டது. வலது பக்கத்தில். நிரஞ்சனைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். "கரண்ட் வருது" என்றார்.

இடதில் விரலால் பொத்திக்கொள்கிறேன். புல்லாங்குழல் வாசிப்பவள் போலிருக்கிறேன்.

அண்ணியிடம் உண்மையைச் சொல்ல இரண்டாம் முயற்சி. "அண்ணி, நல்லாக் கேளுங்க. அது அலகு இல்ல. அழகு. ழ. நாக்க மடிச்சி — ழ."

"அதத்தானே நானும் சொல்றேன். அலகு."

"ழ, அண்ணி."

"பாவம், புள்ள பெத்த உடம்பு. நாக்கு கொழறுது" என்று போய்ப் பூண்டு உரித்தார்.

ஏப்ரல் 24

கிளினிக். தனுஷிகாவைத் தராசில் போட்டார்கள். நான் சுவரைப் பார்த்தேன். சுவரில் கைகழுவும் முறை படமாக இருந்தது. அதை முழுமையாகக் கற்றுக்கொண்டேன்.

"ஏறியிருக்கு டீச்சர். நல்லா ஏறியிருக்கு. பால்மா வேணாம்."

தராசுத் தட்டிலிருந்து அவளைத் தூக்க எனக்குக் கை வரவில்லை. அண்ணி தூக்கினார். றிப்கா மிஸ் கைக்குட்டை தந்தார்.

இதற்குக் காரணம் அம்மன் என்று அண்ணி சொல்கிறார். லோடைப் பிரித்ததுதான் என்று நிரஞ்சன். பால்சுறா என்று இப்றாஹிம் நானா. வலது பக்கம் இன்னும் அரைப் பேர்தான். அது எதுவும் சொல்லவில்லை.

மே 2

கோயில் கமிட்டித் தலைவர் முத்துலிங்கம் ஐயா, ஓய்வுபெற்ற கங்காணி, வெற்றிலைத் தட்டோடு வந்தார். அண்ணி நல்ல சேலையில் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார். ஆகவே சதி முன்கூட்டியே தீட்டப்பட்டது.

"திருவிழாவுக்கு மொதல் பால்குடம் டீச்சர் தூக்கணும்னு கமிட்டில ஏகமனதா முடிவாயிருச்சி."

முதல் பால்குடம். எனக்கு.

ழகரத்தை நாக்கு நோக மடித்துச் சொன்னேன். "ஐயா, அது அழகுக்காகக் குத்தினது."

"பக்திக்கு மேல என்னம்மா அழகு?"

எதிரே அண்ணியின் முகம். நாலு வாரத்துக்கு முன்னால் என்னைக் கவ்வாத்து மலை என்ற அதே முகம். இப்போது என்னால் அவருக்கு இந்தத் தோட்டத்தில் தலை நிமிர்ந்திருக்கிறது. இன்னொரு தடவை மறுக்க வாய் வரவில்லை. நடைமுறைச் சிக்கலில் ஒதுங்கினேன்.

"நான் பால் குடுக்கிறவ ஐயா. ஆத்தங்கரையிலருந்து கோயில் வரைக்கும் ரொம்பத் தூரம். நடுவுல புள்ள அழுவா."

"அழுதா நிப்பாட்டுவோம்."

"ஊர்வலத்தையா?"

"பின்ன? அம்மனும் தாய்தானே. அவசரம்னா சொல்லப்போறா?"

அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் தட்டை வாங்கிக்கொண்டேன்.

மே 8

விரதம் இருக்க வேண்டாம் என்று றிப்கா மிஸ் சொல்லிவிட்டார். கமிட்டி ஏற்றுக்கொண்டது. மீன் மட்டும் இல்லை. இப்றாஹிம் நானா வீட்டைத் தாண்டும்போது ஹோர்ன் அடிக்காமல் போகிறார்.

மே 11

திருவிழா. முதல் குடம் நான், பின்னால் மற்ற பெண்கள். அண்ணி தனுஷிகாவைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் நடந்தார். மழை இல்லை.

தனுஷிகாவின் பசிக்காக ஊர்வலம் இரண்டு இடத்தில் நின்றது. தப்படிப்பவர்கள் டீ குடித்தார்கள்.