அக்கா வீட்டுக்குச் சிவப்பு

அன்புள்ள அக்கா,

நிலநடுக்கத்துக்குப் பிறகு ட்ரோன் எடுத்த படங்களைப் பார்த்து, வரைபடத்தில் வீடு வீடாக நிறம் போடுவதுதான் இப்போது என் வேலை. பச்சை என்றால் குடியிருக்கலாம். சிவப்பு என்றால் காலி செய்ய வேண்டும். உங்கள் மொட்டைமாடியில் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. அத்தான் இருந்தபோது பார்த்துப் பார்த்துக் கட்டிய மாடி.

"சொந்த அக்கா வீடுன்னா வேற யாராவது பாக்கட்டும்மா" என்றார் மேலதிகாரி.

"யார் பாத்தாலும் சிவப்புதான் சார்" என்றேன்.

கூடாரத்துக்குக் கிளம்பும்போது, "கூடப்பிறந்தவளே என்னைத் தெருவுல நிறுத்திட்டா" என்றாயாம். அதன்பிறகு என் போனை நீ எடுப்பதில்லை.

நேற்று மறுபடி குலுங்கியதல்லவா? தெருவுக்குள் யாரையும் விடாததால் வீடு என்ன ஆனதென்று உனக்குத் தெரிந்திருக்காது. இன்று காலை வந்த படத்தில் உங்கள் மாடி தரையோடு தரையாகக் கிடக்கிறது. வரைபடத்திலிருந்து அந்த வீட்டை நான்தான் எடுத்தேன்.

நீ அங்கேதான் இருக்கிறாயா என்று பார்த்துவர உடனே கூடாரத்துக்கு ஆள் அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரையே மறுபடி கேட்டேன். "அதான் துணி காயப்போட்டுட்டு இருக்காங்கன்னு சொன்னேனேம்மா" என்று சலித்துக்கொண்டார்.

எங்கள் முன்னறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். இங்கே வந்தும் நீ என்னோடு பேசாமல் இருக்கலாம்.

உன் தங்கை