கையெழுத்துப் போடாதவள்

மார்ச் 7, சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. நாளை அருப்புக்கோட்டையில் காலேஜ் பழைய மாணவர் கூட்டம். படித்து முடித்துப் பதினாலு வருஷம். ஒரு தடவைகூட உள்ளே போனதில்லை.

செய்ய வேண்டியது: நீலச் சேலை தேய்க்க. பாப்பாவுக்கு இருமல் மருந்து. பள்ளிக்கூட ஆபீஸ் சாவியை எச்.எம். வீட்டில் கொடுக்க. இவருக்கு லாரியில் தூத்துக்குடி லோடு. பாப்பாவை அத்தை வீட்டில் விடணும்.

காலேஜில் கூடப் படித்த ஜெயந்தி போன். "வனஜா மிஸ்ஸையும் கூப்பிட்டிருக்காகளாம்டி." போக வேண்டாம் என்று முடிவு. ராத்திரி சாப்பிடும்போது, போகலாம் என்று.

மார்ச் 8, ஞாயிறு

திருச்சுழியில் எட்டரை பஸ். நிற்க இடமில்லை. காலேஜ் வாசலில் புது வளைவு. சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தை வெட்டிவிட்டார்கள். எங்கள் பி.காம். செட்டில் பதினொரு பேர். பாதிப் பேருக்கு நரை.

முதல் வரிசையில் வனஜா மிஸ். மெலிந்துவிட்டார். இரண்டாம் வருஷம் எங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் எடுத்தவர். தற்காலிக வேலை. பேச்சு திக்கும். அதேபோலத் திக்கிக் காட்டிச் சிரிப்போம். பிறகு பிரின்சிபாலுக்கு ஒரு மனு: பாடம் புரியவில்லை, வேறு ஆள் வேண்டும். வகுப்பே கையெழுத்துப் போட்டது. அடுத்த வருஷம் மிஸ் இல்லை.

மனுவை எழுதியது நான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் டைப் அடித்து வாங்கி வந்தது நான். பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கையெழுத்து வாங்கியதும் நான். நான் மட்டும் போடவில்லை. ஸ்காலர்ஷிப் போய்விடுமோ என்று பயம்.

மிஸ்ஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மெதுவாகப் பேசினார். "ஆபீஸ்ல அந்த மனுவக் காட்டுனாக. எல்லாப் பேரையும் வா... வாசிச்சேன். செல்வி பேரு மட்டும் இல்ல. அன்னைக்கு வீட்டுக்குப் போறப்ப அந்த ஒரு பிள்ளைய நெனச்சுக்கிட்டேதான் போனேன்."

என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். நின்றேன். கைதட்டல். கையெழுத்து வாங்கியது நான் என்று தெரிந்த எங்கள் செட்டும் தட்டியது. கும்பிடு வேறு போட்டேன். ஜெயந்தி மட்டும் தட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பந்தியில் மிஸ் என் பக்கத்தில். தன் அப்பளத்தை எடுத்து என் இலையில் வைத்தார். "நீ நல்லா இருக்கணும்மா." தின்றேன்.

மார்ச் 9, திங்கள்

ஆபீஸில் டி.சி. எழுதியதில் இரண்டு தப்பு. ஒன்றில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயர். எச்.எம். திருப்பித் தந்தார்.

ஜெயந்திக்குப் போன். மிஸ்ஸிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "இத்தனை வருஷங் கழிச்சு எதுக்குடி? அவுக நெனப்புல நல்லவளாவே இருந்துட்டுப் போ."

கொஞ்சம் நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்தால் அசிங்கம்.

மார்ச் 11, புதன்

புழுக்கம். தண்ணீர் வரவில்லை.

வாட்ஸப் குழுவில் நான் எழுந்து நிற்கும் போட்டோ. கீழே வரிசையாகப் பூ, கும்பிடும் கை. இவர் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே. அந்த வயசுலயே தைரியந்தான்" என்றார். இவரிடமும் சொல்லவில்லை. குழம்பு நல்லா இருக்கா என்று கேட்டேன்.

மார்ச் 14, சனி

அரை நாள் லீவு. அ.கோட்டையில் விருதுநகர் பஸ் மாறிப் பாலவனத்தம். மிஸ்ஸுக்கு அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு மனு டைப் அடித்துக் கொடுக்கிறார்.

கண்டதும் எழுந்துவிட்டார். "வா செல்வி, வா. உக்காரு. டீ சொல்றேன்."

உட்காரவில்லை. நின்றபடியே எல்லாம் சொன்னேன். எழுதியது, டைப் அடித்தது, பெஞ்சு பெஞ்சாகப் போனது, பயந்தது. அழக்கூடாது என்று நினைத்துப் போனேன். அழவில்லை.

கோபப்படுவார் என்று காத்திருந்தேன். படவில்லை. மேசை மேல் இருந்த தாள்களை அடுக்கினார். அடுக்கியதையே மறுபடி அடுக்கினார்.

"அப்ப ஒ... ஒ..." வெகுநேரம் வார்த்தை வரவில்லை. மேடையில்கூட இவ்வளவு திக்கவில்லை. "ஒருத்தருகூட இல்லையா?"

மன்னிச்சிருங்க மிஸ் என்று சொன்னேனா, நினைத்ததோடு சரியா, இப்போது தெரியவில்லை.

ஒரு பெரியவர் வந்தார். பென்சன் மனு. எனக்குக் காட்டிய நாற்காலியில் மிஸ் அவரை உட்காரச் சொன்னார். பேர், ஊர், வயசு கேட்டுத் தட்டத் தொடங்கினார். கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம், "ரெண்டரை பஸ்ஸு இப்ப வந்துரும். போயிட்டு வாங்க" என்றார்.

வாங்க என்றார். வா என்று சொல்லவில்லை.