நேசராஜாவின் முதுகுநோ

ஹோர்சன்ஸ்,
டென்மார்க்,
12 ஜனவரி 2025

அன்புள்ள கிறேஸ் அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க வேண்டும். போன் இருக்கக் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். அத்தான் போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். ஒடென்சே முழுக்கக் கேட்கும். இது இரகசியம்.

மின் பொறியியலாளர் அனுமதிப் பரீட்சையை மறுபடியும் எழுதப்போகிறேன், மே மாதம். ஐம்பத்திரண்டு வயதில் தேவையா என்று கேட்காதீர்கள். இருபது வருடமாக நான் கீறும் மின் வரைபடங்களின் கீழே வேறொருவர்தான் கையெழுத்து வைக்கிறார். ஒரு தடவையாவது அங்கே என் பெயர் வரவேண்டும்.

போன முறை தோற்றதைக்கூடத் தாங்கினேன். சபைச் சனத்தின் ஆறுதலைத்தான் தாங்க முடியவில்லை. பஸ்ஸில் ஒருவர், கடையில் கத்தரிக்காய் பொறுக்கும்போது ஒருவர். ஒரு மாதம் நான் வெளியே தலைகாட்டவில்லை. அதனால் இம்முறை படிப்பதற்காக ஆராதனைக்குப் போகாமல், முதுகுநோ என்று சொல்லியிருக்கிறேன். என் மனைவிக்கும் உங்களுக்கும் மட்டும்தான் உண்மை தெரியும்.

உங்கள் தம்பி,
நேசராஜா

ஒடென்சே,
20 ஜனவரி 2025

என் அன்புத் தம்பிக்கு,

அத்தான் வேலைக்குப் போனபிறகுதான் கடிதத்தை உடைத்தேன். கர்த்தருடைய வீட்டுக்கே பொய் சொல்கிறாய். பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடிக்கும் காலத்தில் வயிற்றுநோ, இப்போது முதுகா? சரி, படி. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா கிறேஸ்

ஹோர்சன்ஸ்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

முதுகு கைமீறிப் போய்விட்டது. சபையில் பாட்டு நடத்தும் சுஜாந்தினி ஞாயிறுதோறும் ஆட்டெலும்புச் சூப் கொண்டுவருகிறா. வாசலில் தந்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போகிறா. வாய் ஓயாத சுஜாந்தினியே கதைக்காமல் போகிறா என்றால் எனக்கு என்ன நோய் வருத்தமோ என்று எனக்கே பயமாயிருக்கிறது. பாஸ்டர் எனக்காக உபவாச செபம் வைத்தாராம். சனம் பட்டினி கிடக்க, நான் சூப் குடித்துக்கொண்டு மின்னோட்டக் கணக்குச் செய்கிறேன். இரண்டு கிலோ கூடிவிட்டேன்.

தோற்றால் ஒருவருக்கும் தெரியாது. தேறினால்தான் விஷயம் வெளியே வந்து எல்லார் முன்னாலும் கள்ளனாவேன். ஆனாலும் தேறத்தான் ஆசை, அக்கா.

நேசராஜா

ஹோர்சன்ஸ்,
23 யூன் 2025

அக்கா,

சித்தியடைந்துவிட்டேன். பரீட்சை முடிவுக் கடிதத்தை மூன்று முறை வாசித்துவிட்டு, மனைவியிடமும் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.

நேற்று ஆராதனையில் சாட்சி சொல்ல எழும்பினேன். “எனக்கு முதுகுநோ இருக்கேல்லை,” என்றேன்.

“அது தெரியும்,” என்றார் பாஸ்டர். “பாஸோ, இல்லையோ? அதைச் சொல்லும்.”

பாஸ் என்றேன். முழுச் சபையும் எழும்பிக் கைதட்டியது.

சொன்னது நீங்கள்தானே?

நேசராஜா

ஒடென்சே,
30 யூன் 2025

என் அன்புத் தம்பிக்கு,

ஓம், நான்தான். உன் முதல் கடிதம் வந்த அன்றே சுஜாந்தினிக்குப் போன் எடுத்தேன்.

கோவிக்காதே. ஒருவருக்கும் தெரியாமல் நீ தோற்றிருந்தால், வாடின முகத்தைக் கண்டு ஆளாளுக்கு ஏன், என்ன என்று கேட்டிருப்பார்கள். தெரிந்தவர்களால்தான் கேட்காமல் இருக்க முடியும். “அவன் தோத்தா ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது” என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தோம். ஐந்து மாதம், எங்கள் சனம், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

உன் பரீட்சை கஷ்டம்தான், தம்பி. ஆனால் சுஜாந்தினியை யோசித்துப் பார். இந்தக் கடிதம் கண்டதும் அவவை வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் இருந்து அவ கதைப்பதையெல்லாம் கேள். இடையில் எழும்பாதே.

பெருமையோடு,
அக்கா கிறேஸ்